யேரோவின் மரியாதை

யேரோ அன்றைக்கு ஓனோரினைத் திட்டவில்லை.

சைக்கிளை மண்சுவரில் சாய்த்தான். கூம்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "நல்லா இருக்கீங்களாம்மா? வீட்ல எல்லாரும் சுகந்தானா?" என்று கேட்டான்.

சோளக்கள் காய்ச்சச் செஞ்சோளக் கூழைத் துழாவிக்கொண்டிருந்த ஓனோரினுக்குக் கையில் துடுப்பு அப்படியே நின்றது. தனக்குப் பின்னால் வேறு யாராவது பெரிய மனுஷி வந்து நிற்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தாள். சுவரும் அதன்மேல் ஒரு ஓணானுந்தான் இருந்தன.

அவன் வரும் லட்சணம் தெருவுக்கே தெரியும். தெருமுனையில் சைக்கிள் மணியோடு சேர்ந்து அவன் வாயும் ஆரம்பித்துவிடும். "ஏ போபோ அடிமை, எந்திரிச்சாச்சா? இல்ல நேத்துக் காய்ச்சுனதை நீயே குடிச்சிட்டு மல்லாந்து கெடக்கியா?" என்பான். இவளும் விடமாட்டாள். "வாடா மாட்டுத் திருடா. உன் மாடெல்லாம் எங்க பாட்டன் மாடு" என்பாள். அவன் ஃபுலானி, இவள் போபோ; இந்த இரண்டு இனத்துக்கும் கேலி முறை. இவர்களாகச் செய்துகொண்டதில்லை, முன்னோர்கள் ரத்தம் தொட்டுச் செய்த சத்தியம். முறைக்காரன் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது. சாவு வீட்டில்கூட ஃபுலானி வந்து குழியில் இறங்கிப் படுத்துக்கொண்டு, எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடிப்பான். அழுதுகொண்டிருக்கிறவள் சிரித்துவிடுவாள். பிணத்தின் முன்னாலேயே கேலி பேசுகிறவன் ஒரு வீட்டு வாசலில் நின்று மரியாதை பேசினால், அந்த வீட்டை அவன் முறையிலிருந்து தள்ளிவிட்டான் என்று அர்த்தம். அந்த வீட்டைப் பற்றி ஏதோ கெட்டதை நம்பிவிட்டான் என்று அர்த்தம்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"சுகந்தாம்மா. ஆண்டவன் புண்ணியம்."

கூடையில் ஆறிக் கிடந்த சோளச் சக்கையைத் தன் ஆடுகளுக்கென்று சாக்கில் அள்ளினான். சைக்கிளில் வைத்துக் கட்டினான். புறக்கடைப் பக்கம், குளியல் மறைப்புக்குப் பின்னால் இருக்கும் மாமரத்தை ஒரு தரம் பார்த்தான். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "வரேம்மா" என்று போய்விட்டான்.

தூசிக்காற்று ஓய்ந்து, மாம்பழ மழை இன்னும் இறங்காத நாட்கள் அவை. போபோ நகரம் அந்த மாதத்தில் கவிழ்த்துப் போட்ட சட்டிக்குள் இருப்பது மாதிரி இருக்கும். நடுமத்தியானத்தில் தெருவில் நாய்கூட நடக்காது. மோட்டார் சைக்கிள்காரர்கள் வேப்பமர நிழல்களில் வண்டிமேலேயே சாய்ந்து தூங்குவார்கள். மண் மசூதியின் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளின் நிழல் சுருங்கிச் சுருங்கி அந்தந்தக் கட்டைக்கு அடியிலேயே ஒண்டிக்கொள்ளும். பழைய ஊருக்குக் கீழே ஓடும் வே ஆறு ஓடுவதை நிறுத்திவிட்டு, அழுக்கும் சோப்பு நுரையுமாக அங்கங்கே தேங்கிக் கிடக்கும். ஓனோரின் வீட்டுப் புறக்கடையிலிருந்து இறங்கினால் ஒரு மடு. முழங்கால் தண்ணீர். அந்த மடுவில்தான் கெளுத்திகள் அத்தனையும் அந்தக் கோடையைத் தள்ளிக்கொண்டிருந்தன.

அந்த மீன்களை யாரும் பிடிக்க மாட்டார்கள், தின்ன மாட்டார்கள். செத்தால் வெள்ளைத்துணி சுற்றி, குலப் பெரியவர் முன்னிலையில் மனுஷரைப் போலப் புதைப்பார்கள். ஊரை ஒரு காலத்தில் தாகத்திலிருந்து காப்பாற்றியவை அவை. அவற்றுள் ஒன்று கிழவி. ஒரு பக்க மீசை அறுந்தது, கைப்பிள்ளை நீளம் இருக்கும். ஓனோரின் பாத்திரம் கழுவ இறங்கினால் முதலில் அதுதான் வரும். அவள் கையிலிருந்து சக்கையை வாங்கித் தின்னும். அந்தக் கிழவியைத்தான் கொஞ்ச நாளாகக் காணவில்லை.

முதலில் அதைச் சொன்னவள் மார்த்தீன், கொழுந்தன் பெண்டாட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள். களிக்கு மாவு சலித்துக்கொண்டே, "ஏன்க்கா, உங்க கிழவி எங்க? வெரசா வருவாளே" என்று கேட்டாள். கேட்டது சாதாரணமாகத்தான். ஆனால் "உங்க கிழவி" என்றதில் ஒரு கொக்கி இருந்ததாக ஓனோரினுக்குப் பட்டது. சாயங்காலம் கள் குடிக்க வருகிறவர்களும் அதையே பேசினார்கள். அடுத்த தடவை கள் காய்ச்சியபோது ஆட்கள் குறைந்துபோனார்கள். வந்தவர்களும் அவள் முறைப்படி முதல் மடக்கைத் தான் குடித்துக் காட்டிவிட்டு நீட்டிய சுரைக்குடுவையைக் கையில் வாங்கி, வெகுநேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயம் அவளுக்கு வியாபாரத்தைப் பற்றி மட்டுமில்லை. போன மழைக்காலத்தில் மாமனார் செத்துப்போனார். அவருக்குப் பெரிய காரியம் இந்த மழைக்கு முன்னால் நடக்க வேண்டும். முகமூடி போட்ட ஆட்டக்காரர்கள் இறங்குவார்கள். ஊர் திரளும். அதற்கான கள்ளை மூத்த மருமகள் காய்ச்ச வேண்டும். அது கூலிவேலை இல்லை. அந்தக் கள்ளைக் குடித்துத்தான் செத்தவர் முன்னோர்களோடு போய்ச் சேருவார். அந்த அடுப்பை ஒரு மருமகளிடமிருந்து பிடுங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தால், அதன்பிறகு அவள் அந்த வீட்டில் இருந்தாலும் இல்லாதவள்தான். சோளம் ஏற்கெனவே அளந்தாகிவிட்டது. ஊறப்போட வேண்டியதுதான் பாக்கி.

அந்தக் காரியத்துக்கென்று அவள் தகரப்பெட்டியில் ஒரு வெள்ளைத்துணி வைத்திருந்தாள். கைத்தறிப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது. யேரோ மரியாதை பேசிவிட்டுப் போன அன்று, மனசு ஒரு நிலையில் இல்லாததால், எதையாவது ஒழுங்கு பண்ணலாமென்று பெட்டியைத் திறந்தாள். துணி இல்லை.

மேலே இருந்த உடுதுணிகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அடியிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்திருக்கிறார்கள். வெளித்திருடன் இப்படி எடுக்க மாட்டான். பெட்டியில் எது எங்கே இருக்கிறதென்று தெரிந்த கை.

அப்போதுதான் அவளுக்குப் புருஷனின் நினைப்பு வந்தது. ஃபாத்தொகோமா பஞ்சு மில்லில் பொதி ஏற்றுகிறவன். தினமும் வீட்டுக்கு வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு பூத்து, கிழவனைப் போல வருவான். போன வாரத்தில் ஒரு நாள் அவள் தெருக்கோடியில் சோளம் அளந்துவிட்டுத் திரும்பியபோது, மத்தியான நேரத்திலேயே வீட்டில் இருந்தான். கரண்ட் இல்லை, மில் நின்றுபோச்சு என்றான். தலையில் பஞ்சு இருந்தது. முழங்கால் வரை சேறும் இருந்தது. வாளி வாளியாக ஊற்றிக் குளித்தான். அன்றிலிருந்து கருவாடு போட்ட குழம்பை வைத்தால், களியை மட்டும் பிட்டுத் தின்றுவிட்டுக் கருவாட்டை ஓரமாக ஒதுக்கினான். வெயிலுக்குப் பிடிக்கவில்லை என்றான். அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

இத்தனையையும் அவள் சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஒரு பெண்ணுக்குப் போயிருக்கிறது துணி. ஆற்றுக்கு அந்தக் கரையில் யாரோ இருக்கிறாள். யேரோ கண்ணால் பார்த்திருக்கிறான். அதனால்தான் அவனுக்கு இவள் முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை. பரிதாபப்படுகிறான்.

கோடையில் சந்தேகம் சீக்கிரம் முளைக்கிறது. ஈரச்சாக்குக்கு அடியில் வைத்த சோளத்தைப் போல, மறுநாள் திறந்து பார்த்தால் வேரெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது.

அவள் கேட்டாள். நேராகக் கேட்கவில்லை. "பெட்டியை யாராவது திறந்தாங்களா?" என்று கேட்டாள். ஃபாத்தொகோமா மாம்பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தான். கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எலி புகுந்திருக்கும் என்றான். தகரப்பெட்டியில் எலியா என்று அவள் கேட்கவில்லை. அந்த பதிலை மட்டும் எடுத்து மற்றவற்றோடு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சின்ன மாமனார் தொஃபினி சொல்லி அனுப்பினார். மாமனாருக்குத் தம்பி. இப்போது குலத்துக்குப் பெரியவர். ஆற்றில் ஒன்று குறைகிறது, அது என்னாச்சு என்று விசாரிக்காமல் சோளத்தை நனைக்க முடியாது என்றார். கரையில் இருக்கும் வீடுகளில் அடுப்பு பற்றவைக்கிற பெண்கள் எல்லோரும் விடிந்ததும் மடுவுக்கு வரவேண்டும். வலது காலைத் தண்ணீரில் வைத்து, ஒரு கை அள்ளிக் குடித்து, என் வீட்டுக் கை இதில் இல்லை என்று சொல்லவேண்டும். பொய்யாகக் குடித்தவள் அடுத்த மழையைப் பார்க்க மாட்டாள். சத்தியம் பண்ண வராதவளுக்கு அடுப்பு இல்லை.

ஓனோரினுக்கு இதைக் கேட்டதும் நெஞ்சில் காற்று வந்தது. அவள் மீனைத் தொட்டவள் இல்லை. குடித்துவிட்டு நிமிர்ந்து நடப்பாள். ஊர் வாய் அடங்கும்.

ஃபாத்தொகோமா மில்லிலிருந்து வந்து சேதியைக் கேட்டவன், சட்டையைக் கழற்றாமல் நின்றான்.

"நீ போகாத" என்றான்.

"ஏன்?"

"போகாதன்னா போகாத. கள்ளை மார்த்தீனே காய்ச்சட்டும். அவளுக்கும் கை இருக்குல்ல."

"மார்த்தீனா?"

"யாரு காய்ச்சினா என்ன. அப்பா குடிக்கப் போறாரு, அவ்வளவுதான்."

"இங்க பாரு, உங்கப்பா சாகக் கிடந்தப்போ தூக்கி உட்கார வச்சுக் கஞ்சி குடுத்தது யாரு? மார்த்தீனா?"

அவன் திண்டாடுகிற ஆளைப் போலச் சட்டையின் ஒரே பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. ஆற்றுக்கு அந்தக் கரை வரை போகவேண்டியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கமே போதும். துணி போயிருக்கிறது, அடுத்து அடுப்பு போகிறது. கொழுந்தன் லாரியோடு அபிஜானுக்கும் இங்குமாக அலைகிறவன், வீடு தங்குவதில்லை. மீனையும் அவர்களே என்னவோ செய்துவிட்டு, ஊர் வாயை இவள் பக்கம் திருப்பியிருக்கிறார்கள்.

அவள் முண்டாசைக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். வெயில் தாழ்ந்திருந்தது. நேராக மாட்டுச் சந்தைக்குப் பின்னால் யேரோவின் ஆட்டுப் பட்டிக்குப் போனாள்.

அவன் ஒரு கிடாவின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் எழுந்து, பாயை உதறிப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றான்.

"உக்கார வரலை. என்னைத் திட்டு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"முறைக்காரி கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது. திட்டு. இல்லாட்டி ஏன் திட்டலைன்னு சொல்லு. எந்தப் பொம்பளை? மார்த்தீன்தானே?"

"எந்தப் பொம்பளையும் இல்லம்மா."

"அம்மாங்காதடா."

யேரோ கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் சொன்னான். ஆடுகளுக்குப் புல் தேடிப் பன்ஃபோரா சாலைப் பக்கம் போயிருந்தவன், அன்றைக்குச் சக்கை எடுக்க நேரத்துக்கு வர முடியவில்லை. மத்தியானத்தில்தான் வந்தான். முன்பக்கம் ஆள் இல்லாததால் பின்பக்கம் போனான். மாமரத்துக்கு அடியில் ஃபாத்தொகோமா குழி மூடிக்கொண்டிருந்தான். வெள்ளைத்துணி கொஞ்சம் மண்ணுக்கு மேலே தெரிந்தது. நீளம் ஒரு பிள்ளை அளவு.

"என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசலை. மீனா, மனுஷப் பிஞ்சான்னுகூட எனக்குத் தெரியாது. அல்லா பொதுவா சொல்றேன், தெரிஞ்சுக்கவும் நான் ஆசைப்படலை."

"அதுக்கு என்கிட்ட ஏன் மரியாதை?"

"காட்டுற சாவுன்னா வந்து குழியில படுத்துச் சிரிக்க வச்சிருப்பேன். ஒளிக்கிற சாவுல என்னத்தச் சிரிக்க?"

ஓனோரின் வந்த வழியே திரும்பினாள். சந்தையில் விளக்குகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பயறு வடை சுடுகிறவள் கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை. பெண் இல்லை என்றதில் வரவேண்டிய நிம்மதி வரவில்லை. கொண்டவன் மீனைக் கொன்று புதைத்திருக்கிறான். அதைத் தெரிந்துதான் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்கிறான். குடித்தால் செத்துவிடுவாள் என்கிற அளவுக்காவது அவள்மேல் நெஞ்சில் ஈரம் இருக்கிறதே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த ஈரத்தை வைத்து என்ன செய்வது என்று அடுத்த நினைப்பு வந்தது.

ஃபாத்தொகோமா மாமரத்துக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மரத்தடியைக் காவல் காப்பவன் மாதிரி.

"எதுக்குக் கொன்ன?" என்று கேட்டாள்.

அவன் ஏமாற்றப் பார்க்கவில்லை. "நான் கொல்லலை" என்றான்.

"பின்னே?"

"விடு ஓனோரின்."

"யேரோ பார்த்திருக்கான். நாளைக்கு ஊர் பார்க்கும். யாரைக் காப்பாத்துற? மார்த்தீனையா?"

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கொஞ்ச நாளில் முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தான்.

"கரையோரம் வயித்தைக் காட்டிக் கெடந்துச்சு. உயிர் இல்ல. தூக்கினேன். தோல் கையோட வந்துருச்சு, வேகவச்ச கிழங்குத் தோல் மாதிரி. செவுளெல்லாம் சக்கை. செஞ்சோளச் சக்கை. அந்தத் தண்ணியில காலை வச்சேன், அப்பவும் சூடு இருந்துச்சு."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

சோளம் அளக்கப் போன நாள். யேரோ வரவில்லை. சக்கை கூடையில் ஆறுவதற்கு எப்போதும் மரநிழலில் வைப்பாள். கையை முழங்கை வரை விட்டுப் பார்த்துச் சுடவில்லை என்றால்தான் ஆற்றில் ஒரு பிடி போடுவாள். அன்றைக்குச் சின்ன மாமனார் காத்திருக்கிறார் என்று மார்த்தீன் சுவருக்கு மேலால் கூப்பிட்டாள். மறுபடி கள் காய்ச்சப் பானை வேண்டும். துணி சுற்றிப் பிடித்துப் பானையோடு இறங்கி, கொதி அடங்காத சக்கையையும் அடித்தண்ணீரையும் மொத்தமாக மடுவில் கவிழ்த்துவிட்டு ஓடினாள். ஆறு நிறைந்து ஓடும் நாளாக இருந்தால் அது ஒன்றுமில்லை. முழங்கால் தண்ணீர். கிழவி முதலில் வரும். எப்போதும் அதுதான் முதலில் வரும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புருஷனை, ஓரகத்தியை, காணாத ஒருத்தியை, எல்லோரையும் ஒரு சுற்றுச் சந்தேகப்பட்டாயிற்று. அந்தச் சுற்றில் தன்னை மட்டும் அவள் சேர்க்கவே இல்லை.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொன்னா நீ நேரா தொஃபினிகிட்டப் போவ. எனக்குத் தெரியாதா உன்னை."

விடிந்ததும் மடுவில் பெண்கள் கூடினார்கள். தொஃபினி கல்லின்மேல் பலிக் கோழியோடு உட்கார்ந்திருந்தார். மார்த்தீன் குடித்தாள், தயங்காமல் குடித்தாள். அதைப் பார்த்து ஓனோரினுக்கு வெட்கமாக இருந்தது. அவள் முறை வந்தது. தண்ணீரில் காலை வைத்தாள். குனிந்து அள்ளினாள். கைக்குழியில் இருந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு விரல்களை விரித்துவிட்டாள்.

"என் வீட்டுக் கை இதுல இருக்கு மாமா" என்றாள். "என் கைதான்."

எல்லாவற்றையும் சொன்னாள். புதைத்தது புருஷன், காரணம் நான் என்றாள். பெண்கள் கூட்டம் அவளைச் சுற்றி மெல்ல அகன்றது. தொஃபினியின் கழுத்து நரம்பு புடைத்தது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம, குலத்துக்குத் தெரியாம, நாய் செத்த மாதிரிப் புதைச்சீங்களா என்று எழுந்தார். கைத்தடியை ஓங்கினார். அடுப்பு என்று ஆரம்பித்தார்.

அதை முடிக்க விடவில்லை. மேட்டிலிருந்து யேரோ இறங்கி வந்தான். போர்த்தியிருந்த துண்டைத் தலையோடு சுற்றிக்கொண்டு, சேற்றில் தொப்பென்று மல்லாந்து விழுந்தான். வாயை மீனைப் போலத் திறந்து திறந்து மூடினான்.

"ஏ கிழட்டு அடிமை" என்று தொஃபினியைக் கூப்பிட்டான். "என்னை வேகவச்சாங்க, சரி. ஒரு கல்லு உப்புப் போட்டாங்களா? கேளு. போபோக்காரிக்குச் சமைக்கத் தெரியலைன்னா என் உயிரா போகணும்?"

தொஃபினி தடியை ஓங்கியபடியே நின்றார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை, மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்திரிடா மாடு மேய்க்கிறவனே. ஆத்துக்கு முன்னால விளையாடாத."

"எந்திரிக்க மாட்டேன். மாமரத்தடியில இருக்கிறவளை எடுத்து, பறையடிச்சு, முறையாப் புதைக்கணும். அப்புறம் உங்கண்ணன் காரியத்துக்கு இந்தக் கைக்காரியே காய்ச்சணும். ரெண்டும் சொன்னா எந்திரிப்பேன். நான் அன்னைக்கு நேரத்துக்குச் சக்கை எடுக்க வந்திருந்தா இது நடந்திருக்காது, அதையும் கணக்குல வச்சுக்க."

முறைக்காரன் கேட்டதை மறுக்க முடியாது. தொஃபினி தடியை இறக்கினார்.

"நான் சிரிச்சிட்டேன், மருமகளே. என்னால கோபப்பட முடியாது. ஆறு சிரிச்சுதான்னு எனக்குத் தெரியாது. மழை வந்தாத்தான் தெரியும்" என்றார்.

கிழவியைத் தோண்டி எடுத்து, அதே வெள்ளைத்துணியோடு, ஆற்றங்கரையில் மற்றவை கிடக்கும் இடத்தில் புதைத்தார்கள். ஓனோரின் சோளத்தை நனைத்தாள். முளைக்கவைத்தாள், காயவைத்தாள், அரைத்தாள். மார்த்தீன் தானாக வந்து விறகைத் தள்ளிக் கொடுத்தாள். காரியத்துக்கு முந்திய நாள் மேற்கே கறுத்தது. நாலு பெரிய துளிகள் அடுப்பில் விழுந்து சொய்யென்றன. அதோடு நின்றுவிட்டது. ஊரே அண்ணாந்து பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது.

காரியத்தன்று முதல் குடுவையை அவள் குடித்துக் காட்டிவிட்டு நீட்டினாள். முகமூடிகள் இன்னும் இறங்கவில்லை. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கை நீட்டவில்லை. ஒருவர் செருமினார். ஒருவர் தொஃபினியைப் பார்த்தார். தொஃபினி வானத்தைப் பார்த்தார். நீட்டிய குடுவையில் கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

தெருமுனையில் சைக்கிள் மணி அடித்தது.

"ஏ மீன் வேகவச்ச அடிமை! இன்னைக்கு எதை வேகவச்சிருக்க? முதலையா? உங்க மாமனாரு பாவம், செத்தும் உன் கையில மாட்டிக்கிட்டாரு."

வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அது பக்கத்து ஆளுக்குத் தொற்றியது. ஒரு கை நீண்டு குடுவையை வாங்கியது. அடுத்த குடுவைக்கு இன்னொரு கை வந்தது. ஓனோரின் பதிலுக்குத் திட்ட வேண்டும், அதுதான் முறை, வாய் கூடிவரவில்லை. உடுத்தியிருந்த துணியின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாடா மாட்டுத் திருடா" என்றாள் கடைசியில்.

யேரோ சாக்கை உதறிக்கொண்டு பின்பக்கம் போனான். கூடையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவன் குனிவதற்குள் அவள் முந்திக்கொண்டு சக்கைக்குள் கையை விட்டாள். முழங்கை வரை விட்டாள். சுட்டது. உடனே எடுக்கவில்லை.

"இருடா, அவசரப்படாத" என்றாள். "இன்னும் சூடு இருக்கு."